கெட்சப் என்னும் சொல்லும் அதன் கடல்வழியும்

ஒரு சொல் எந்த நாட்டில் பிறந்தது என்று அறிவது ஒன்று. அச்சொல் காலந்தோறும் எந்தப் பொருளைச் சுட்டி வந்தது என்று அறிவது மற்றொன்று. முன்னது சொல்லாராய்ச்சி, பின்னது வரலாறு. இவ்விரண்டும் கைகோத்தால்தான் ஒரு சொல்லின் வாழ்க்கை முழுமையாக விளங்கும். இதற்குப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. குழந்தைகள் விரும்பி உண்ணும் ஒரு தட்டை நோக்கினாலே போதும்.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு சிறுவனை உணவுக் கடைக்கு அழைத்துச் சென்றால், அவன் முதலில் கேட்பது குச்சி குச்சியாக அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு. அதற்குப் ‘பிரெஞ்சு பிரைஸ்’ என்று பெயர். தொட்டுக்கொள்ள அவன் கேட்பது சிவந்த தக்காளிக் குழம்பு. அதற்குக் ‘கெட்சப்’ என்று பெயர். “இதெல்லாம் வெள்ளைக்காரன் தீனி” என்று பாட்டி முகம் சுளிப்பார். மேல்நாட்டு நாகரிகம் என்று பேரன் மகிழ்வான். வெறுப்பவரும் விரும்புபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அந்தச் சிவந்த குழம்பின் பெயர் மேற்கே பிறந்ததன்று. அது கீழைக்கடலில் பிறந்து, ஏறக்குறைய முந்நூறு ஆண்டு மேற்கே திரிந்து, உருமாறித் திரும்பிய பெயர்.

மளிகைக் கடையின் ஒரே தட்டில் இரண்டு புட்டிகள் நிற்பதைக் காணலாம். கறுப்புப் புட்டியில் இருப்பது கிச்சாப். சிவப்புப் புட்டியில் இருப்பது கெட்சப். நிறம் வேறு, மணம் வேறு, சுவை வேறு. ஆயினும் பெயர் ஒன்றே. பிரிந்து வாழ்ந்த உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் அறியாமல் அருகருகே நிற்பது போன்றது இது.

மீனில் பிறந்த சொல்

தென்சீனத்துப் பூஜியான் மாநிலத்தின் கடற்கரை மக்கள் ஹொக்கியன் மொழி பேசுவோர். உப்பில் ஊறிய மீனிலிருந்து வடியும் சாற்றை அவர்கள் ‘கே-சியாப்’ என்றனர். ‘கே’ என்பது உப்பிட்ட மீன். ‘சியாப்’ என்பது சாறு. கெட்சப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இதுவே வேர் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆங்கிலேயர் இதனை ஹொக்கியன் வணிகரிடம் நேரே கேட்டனர் என்பார் உளர்; மலாய்மொழியின் கிச்சாப் வழியாகப் பெற்றனர் என்பாரும் உளர். வழி எதுவாயினும் ஊற்று ஒன்றே.

இச்சாறு உண்டாகும் முறை எளிது. சிறு மீன்களை உப்போடு அடுக்கி மூடி, மாதக்கணக்கில் விட்டு வைப்பர். மீனின் குடலில் இயல்பாகவே உள்ள செரிமானப் பொருள்கள் அதன் தசையை மெல்ல மெல்லக் கரைக்கும். மிகுந்த உப்பு அழுகலைத் தடுக்கும். முடிவில் சுவை மிக்க சாறு தேறும். வியட்நாமியரின் நுவொக் மாம், தாய்லாந்து மக்களின் நாம் பிளா, கிளந்தான் திரெங்கானு மக்கள் நெத்திலியால் செய்யும் புடு ஆகிய யாவும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

ஆனால் கிச்சாப் என்னும் சொல் மலாய் நிலத்தில் வேரூன்றியபின் மீனோடு நிற்கவில்லை. சோயா மொச்சையைப் புளிக்க வைத்து வடித்த கறுப்புச் சாற்றுக்கு அது பெயராயிற்று. இன்று இந்தோனேசியாவில் மீன்சாற்றைக் குறிக்க விரும்புவோர், மீன் என்னும் பொருள்படும் ‘ஈக்கான்’ என்ற சொல்லைச் சேர்த்தே கூற வேண்டியிருக்கிறது. எனவே, பெயர் நிலைக்கப் பொருள் மாறும் இந்த விந்தையைத் தொடங்கி வைத்தவர் மேல்நாட்டார் அல்லர். அது இக்கடற்கரைகளிலேயே தொடங்கிவிட்டது.

ஆங்கிலேயர் சமையற்கட்டு

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சாவகத்தீவின் பாந்தாம் துறைமுகத்தில் 1602 முதல் 1682 வரை வாணிகம் செய்தனர். டச்சுக்காரரின் வலிமையால் அங்கிருந்து வெளியேறியபின், 1685இல் சுமத்திராவின் மேற்குக் கரையில் பெங்கூலனில் கோட்டை கட்டினர். மிளகுக்காக வந்தவர்கள் மிளகோடு வேறு சுவைகளையும் கற்றனர். துறைமுகங்களில் குடியேறியிருந்த சீன வணிகர் விற்ற சாற்றைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டு சென்றனர். உப்பிறைச்சியையும் காய்ந்த ரொட்டியையும் தின்று சலித்த மாலுமிகளின் நாவுக்கு அஃது இனித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1699இல் இலண்டனில் வெளிவந்த ஓர் அகராதி இச்சொல்லைக் கீழைநாட்டுக் குழம்பு என்று பொருள் கூறிப் பதிவு செய்தது. 1711இல் சார்லஸ் லாக்கியர் என்னும் வணிகர் இந்திய வாணிகத்தைப் பற்றி எழுதிய நூலில், சோயாச் சாறு சப்பானிலிருந்து தொட்டிகளில் வருகிறது என்றும், சிறந்த கெட்சப் தொங்கினில் கிடைக்கிறது என்றும் குறித்தார். தொங்கின் என்பது இன்றைய வட வியட்நாம். நீரிலும் உப்பிலும் பிறந்த சாறு பொன்னாகிய காலம் அது.

பொன் கொடுத்து வாங்க இயலாதவர் போலிசெய்யத் தொடங்குவர். 1727இல் எலிசா சுமித் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் கெட்சப் செய்யும் முறை ஆங்கில மொழியில் அச்சேறியது. நெத்திலி போன்ற சிறு மீன், சின்ன வெங்காயம், காடி, வெள்ளைத் திராட்சை மது, கிராம்பு, இஞ்சி, சாதிக்காய், சாதிபத்திரி ஆகியன அதில் சேர்ந்தன. தக்காளி அதில் இல்லை. ஐந்தாண்டு கழித்து 1732இல் ரிச்சர்டு பிராட்லி தம் நூலில் பெங்கூலனின் பெயரைச் சொல்லியே ஒரு கெட்சப் முறையை எழுதினார். ஊர்ப்பெயர் உடன் இருந்தவரை, பிறந்தகம் மறக்கப்படவில்லை.

பின்னர் ஊர்ப்பெயர் உதிர்ந்தது. மீனும் மெல்ல விலகியது. காளானை உப்பிட்டுப் பிழிந்த சாறு கெட்சப் எனப்பட்டது. பிஞ்சு வால்நட் காயின் சாறும் கெட்சப் எனப்பட்டது. சிப்பியிலும் செய்தனர். ஆங்கிலேயருக்குக் கெட்சப் என்பது ஒரு பொருளின் பெயராக இல்லாமல், ஊறவைத்து வடித்த கருஞ்சாறு எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று.

தக்காளியின் வரவு

உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், நிலக்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களின் கொடை. 1492இல் கொலம்பசு கடல் கடந்தபின்னரே அவை ஏனைய உலகிற்குத் தெரிய வந்தன. ஆந்திசு மலைமக்கள் பன்னெடுங்காலம் பயிரிட்ட உருளைக்கிழங்கு, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசுபானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அதனை முதலில் பொரித்தவர் யார் என்று பிரெஞ்சுக்காரரும் பெல்ஜியரும் இன்றும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கு ஒருபுறம் நிற்க.

1812இல் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சேம்சு மீசு என்பவர் தக்காளியில் கெட்சப் செய்யும் முறையை அச்சிட்டார். அச்சில் கிடைக்கும் தக்காளிக் கெட்சப் முறைகளுள் முதலாவதாக இதனைக் கூறுவர். அக்காலத்தில் தக்காளிக்குக் ‘காதல் ஆப்பிள்’ என்று பெயர். அதனை மெல்லியதாக அரிந்து உப்பிட்டு ஒரு நாள் வைத்து, மசித்துக் காய்ச்சி, வாசனைப் பொருளும் வெங்காயமும் பிராந்தியும் சேர்க்கச் சொன்னார் அவர். காடியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இன்றைய சிறுவன் அதனைச் சுவைத்தால் கெட்சப் என்று ஒப்பமாட்டான்.

புட்டியும் சட்டமும்

தக்காளி சில மாதங்களே காய்க்கும். ஆண்டு முழுவதும் விற்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் தீங்கு நுழைந்தது. அமெரிக்க ஆலைகள் பல, தக்காளியைத் தகரத்தில் அடைத்தபின் எஞ்சிய தோலையும் காம்பையும் குவித்து வைத்துக் கெட்சப் காய்ச்சின. கெட்டுப்போகாதிருக்கச் சோடியம் பென்சோவேட் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தன. நிறம் மங்கியதைக் கரித்தாரிலிருந்து எடுத்த சாயத்தால் சிவக்க வைத்தன. புட்டியின்மீது கெட்சப் என்ற பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. உள்ளே இருப்பது யாது என்று வாங்குவோர் அறிய வழியில்லை.

இதனைக் கேட்கத் துணிந்தவர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலார் ஆர்வி வைலி. 1902இல் அவர் பன்னிரண்டு இளைஞரைத் தேர்ந்து, உணவைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களை அவர்தம் உணவிலேயே அளந்து கலந்து, உடலில் நேரும் மாறுதல்களைக் குறித்து வந்தார். செய்தித்தாள்கள் அவ்விளைஞரை ‘நஞ்சுப் படை’ என்று அழைத்தன. இன்றைய அறம் அத்தகைய ஆய்வை ஒப்பாது. ஆயினும் மக்கள் கண் திறந்தது. 1906 சூன் 30ஆம் நாள் தூய உணவு மருந்துச் சட்டம் நிறைவேறியது. கலப்படமும் பொய்ப்பெயரும் குற்றம் ஆயின.

ஆலை முதலாளிகளுள் அச்சட்டத்தை ஆதரித்தவருள் தலையாயவர் என்றி ஐன்சு. 1869இல் சிறு தொழிலாகத் தொடங்கி, 1875இல் கடனில் மூழ்கி, 1876இல் மீண்டும் எழுந்து தக்காளிக் கெட்சப் விற்றவர் அவர். வேதிப்பொருள் இல்லாமலேயே கெட்சப்பைக் காக்கலாம் என்று அவர் ஆலை காட்டியது. நன்கு பழுத்த தக்காளியை எடுத்தனர், காடியை மிகுத்தனர், சர்க்கரையையும் மிகுத்தனர். புளிப்பும் இனிப்பும் மிகுந்த இடத்தில் நுண்ணுயிர் தழைப்பது அரிது. இன்று உலகம் முழுவதும் கெட்சப்பின் சுவை எனக் கருதப்படும் புளிப்பும் இனிப்பும் கெட்டியான பதமும் இவ்வாறு வந்தவையே.

வரலாற்றை ஒருபக்கமாக எழுதுதல் தகாது. பென்சோவேட்டைச் சிறிய அளவில் சேர்த்தால் கேடில்லை என்று 1909இல் அறிஞர் குழு ஒன்று முடிவு கூறியது. இன்றும் பல நாடுகள் அதனை அளவோடு ஒப்புகின்றன. வைலி 1912இல் பதவி துறந்தார். மேலும், வேதிப்பொருளுக்கு மாற்றாக வந்த சர்க்கரை இன்று வேறொரு கவலைக்கு இடம் தருகிறது. ஆயினும் அச்சட்டம் எழுப்பிய வினா பழையதாகவில்லை: பெயர் இஃது, உள்ளே இருப்பது எது?

பள்ளிக்கூடத் தட்டு

இவ்வினா ஆசிரியருக்கு எத்துணை நெருக்கமானது என்பதை 1981ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் ரேகனின் ஆட்சியில் பள்ளி உணவுக்கான நிதி பெரிதும் குறைக்கப்பட்டது. குறைந்த பணத்தில் நிறைந்த உணவு எனக் காட்ட வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் வேளாண்மைத் துறை புதிய விதிகளை முன்வைத்தது. ஊறுகாய்த் துவையல் போன்ற தொடுகறிகளையும் காய்கறிக் கணக்கில் சேர்க்க அவ்விதிகள் இடமளித்தன. அங்கே கெட்சப் என்ற சொல்லே இல்லை. ஆனால் மக்கள் அவ்விதியின் உட்பொருளை உடனே உணர்ந்தனர். “கெட்சப்பும் காய்கறியோ?” என்ற கூக்குரல் நாடெங்கும் எழுந்தது. அம்மாதம் முடிவதற்குள் விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

இதனை நகைச்சுவைச் செய்தியாக மட்டும் கருதுவோர் உளர். நண்பகல் மணி அடித்தபின் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டவர் அவ்வாறு கருதார். சில பிள்ளைகளுக்கு அந்நாளின் நிறைவான உணவு பள்ளியில் கிடைப்பது ஒன்றே. அத்தட்டில் கீரைக்கு மாற்றாக ஒரு கரண்டி குழம்பை ஊற்றிக் காய்கறி என்று கணக்கெழுதினால், கணக்கு நேராகும்; பிள்ளையின் வயிறு நேராகாது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே விழும் பிளவு ஏட்டில் நிற்பதில்லை. அது எளியோர் உடலில் சென்று முடிகிறது.

நாட்டுக்கொரு துணை

பொரித்த உருளைக்கிழங்குக்கு எல்லா நாட்டாரும் கெட்சப்பையே துணையாக்கவில்லை. ஆங்கிலேயர் உப்பைத் தூவி, வாற்கோதுமைக் காடியைத் தெளிப்பர். கனடாவின் கியூபெக் மாநிலத்தார் புதிய பாற்கட்டித் துண்டுகளை இட்டுச் சூடான இறைச்சிக் குழம்பை ஊற்றுவர். பெல்ஜியர் விரும்புவது முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் கடைந்த மயோனெய்சு. மயோனெய்சு என்று விற்க வேண்டுமானால் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு இருத்தல் வேண்டும் என்று பெல்ஜியம் 1955இல் ஆணையிட்டது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் காக்க அங்கும் சட்டமே வந்தது. செருமானியர் கெட்சப்பும் மயோனெய்சும் சேர்த்து இட்டு, அதற்குச் ‘சிவப்பு வெள்ளை’ என்று பெயர் வைத்தனர்.

டச்சு நாட்டுத் தெருக்கடைகளில் மற்றொரு வழக்கம் உண்டு. கிழங்கின்மேல் மயோனெய்சும், அரிந்த வெங்காயமும், சாத்தேக்கு இடும் நிலக்கடலைக் குழம்பும் ஒருங்கே இடுவர். அதன் பெயர் ‘போர்க் கிழங்கு’ என்று பொருள்படும். மலாய் மக்களும் சாவகரும் நன்கறிந்த அக்கடலைக் குழம்பு வட ஐரோப்பாவுக்கு எப்படிச் சென்றது? இந்தோனேசியா 1945இல் விடுதலையை அறிவித்தது. டச்சு அரசு 1949இல் அதனை ஒப்புக்கொண்டது. அவ்விடைக்காலத்திலும் அதன் பின்னரும் பெருந்தொகையினர் அங்கிருந்து டச்சு நாட்டில் குடியேறினர். அவர்களோடு அம்மியின் சுவையும் சென்றது. ஆட்சி அகன்றது, குழம்பு தங்கிற்று.

கறியும் கெட்சப்பும்

அதே தெருக்கடைகளில் விற்கும் இன்னொன்றே தமிழாசிரியர் கருத்தை மிகவும் கவரத் தக்கது. பெல்ஜியத்திலும் டச்சு நாட்டிலும் செருமானியிலும் பொரித்த கிழங்குக்கு ‘கறி கெட்சப்’ என்னும் தொடுகறி உண்டு. தக்காளிக் கெட்சப்பில் மசாலை மணம் கூட்டியது அது. பெர்லின் நகரில் 1949 செப்டம்பர் 4ஆம் நாள் எர்த்தா ஆய்வர் என்னும் பெண்மணி, பொரித்த இறைச்சிக் குழலின்மேல் தக்காளிக் குழம்பையும் கறித்தூளையும் இட்டு விற்றார். போரில் இடிந்த நகரம் அது. மலிவான உணவு மக்களுக்கு வேண்டியிருந்தது. அவர் கடை இருந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை உள்ளது.

‘கறி’ என்னும் சொல்லின் பழமையை ஆசிரியர் அறிவர். சங்க நூல்களில் அது மிளகைக் குறித்தது. யவனர் மரக்கலங்கள் முசிறியில் பொன்னை இறக்கி ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறும் கறி, மிளகே. பின்னர் அச்சொல் காய்களுக்கும் இறைச்சிக்கும் ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் சோற்றோடு உண்ணும் குழம்பை அப்பெயரால் அழைத்தனர். 1598இல் அச்சொல் ஆங்கில அச்சிலும் ஏறியது. 1747இல் அன்னா கிளாசு வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலச் சமையல் நூலில் இந்திய முறையில் கறி ஆக்கும் வழி இருக்கிறது. கப்பல் தலைவர்களுக்கென்று, இருபது ஆண்டு கெடாத கெட்சப் செய்யும் வழியும் அதே நூலில் இருக்கிறது. ஒரே கடலின் இரு கரைகளில் பிறந்த இரு சொற்கள் ஆங்கில ஏடொன்றில் சந்தித்தன. இருநூறு ஆண்டு கழித்து ஒரே புட்டியின் பெயராயின.

தமிழர் வாயில் மிளகாய்ப் பிறந்தது கறி; சீனர் வாயில் மீனாய்ப் பிறந்தது கெட்சப். இன்றைய கறி கெட்சப்பில் மீன் இல்லை. இருக்கும் மசாலையும் பெர்லின் நாவுக்கு ஏற்ப இனித்தது. எனினும் அப்பெயரைச் சொல்லும் பெல்ஜியச் சிறுவன் தன்னை அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லையும் ஒரு ஹொக்கியன் சொல்லையும் சேர்த்து ஒலிக்கிறான். அவன் பாட்டி அதனை அயலார் தீனி என்று வெறுக்கிறாரோ, இல்லையோ!

சிவந்த கெட்சப் பொரித்த கிழங்கோடு கைகோத்து இக்கரைகளுக்குப் பெருவாரியாக வந்தது அமெரிக்க உணவுக் கடைகள் வழியாகத்தான். மெக்டோனால்ட்ஸ் சிங்கப்பூரில் 1979இலும், கோலாலம்பூரில் 1982இலும் தன் முதற்கடைகளைத் திறந்தது. அன்று அச்சொல் தன் வீட்டு வாயிலில் அயலானாய் வந்து நின்றது. இங்குள்ளோர் அதனருகே மிளகாய்ச் சாசையும் வைத்தனர். மேற்கே சென்று திரும்பிய பொருளை மீண்டும் தம் நாவுக்கு இசைவித்துக் கொள்வது இக்கரையாரின் பழைய வழக்கமே.

இவ்வரலாறு இரண்டு படிப்பினைகளைத் தருகிறது. முதலாவது, இது எமது, அஃது அயலது என்று உணவையும் சொல்லையும் ஒரு பார்வையில் பிரித்துவிடுதல் எளிதன்று. கடன் வாங்காத மொழியும் இல்லை. கடன் கொடாத கரையும் இல்லை. இரண்டாவது, பெயரின் பழம்பெருமை உள்ளிருக்கும் பொருளுக்கு உறுதிச் சீட்டு ஆகாது. சொல்லின் பிறப்பை அறிந்து மகிழ்வதோடு நில்லாமல், புட்டியைத் திருப்பி, அதன் முதுகில் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கவும் மாணவரைப் பழக்க வேண்டும். தக்காளி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒரு பிள்ளை படித்துக் காட்டுமாயின், அன்றைய மொழிப்பாடமும் சுகாதாரப் பாடமும் ஒருங்கே முடிந்தன எனலாம்.